ஒரு கழி

புடாபெஸ்டில் இருபத்துமூன்று வட்டாரங்கள்.
ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது,
எனக்கு ஆர்டர் அனுப்புகிறவர்கள் சொல்வதில்லை.
தெருமுனைப் பலகையில் எண்,
அதுவும் பழைய கடிகாரத்து எழுத்தில்:
கழி, கவட்டை, பெருக்கல் குறி.

உலான்பாட்டரில் நான் சிமெண்ட் கம்பெனிக் கணக்கர்.
ஒன்பது இலக்கத் தொகைகளைப்
பேனா தொடாமல் கூட்டியவள்.
இங்கே முதுகில் சதுரப் பை, கீழே சைக்கிள்.
முதல் வாரம் எட்டைப் படிக்க
ஒரு சிவப்பு விளக்கு முழுசாய்த் தேவைப்பட்டது.
கவட்டை ஐந்து, பக்கத்தில் மூன்று கழி...
பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அடித்து,
யாரோ என் அம்மாவைத் திட்டியபோது
கூட்டி முடித்திருந்தேன்.

யாரிடமும் கேட்கவில்லை.
மிதித்தால் பக்கம் புரளும் பாடப்புத்தகம் இந்த ஊர்.
VIII என்றால் லிஃப்ட் பழுதான ஐந்தாம் மாடி.
XIV-இல் மிருகக்காட்சிசாலை, இரவில் சிங்கம் கேட்கும்.
XXI ஒரு தீவின் முனை,
போனால் திரும்பும்போது பை காலி, கையும் காலி.

விதி சின்னது.
பெரியதற்குப் பின்னால் நின்றால் கூட்டு.
முன்னால் நின்றால் கழி.
நிற்பது அதே கழிதான்,
நிற்கும் இடம்தான் கணக்கு.
வேலை தேடிய மூன்று மாதங்களில்
இதை நான் வேறு வகையில் ஏற்கெனவே படித்திருந்தேன்.

நவம்பரில் ஒரு வியாழன், மழை.
கேக் கடையில் புதுப் பையன், பர்னபாஷ்,
வட்டப் பெட்டியின் மூடியில்
வட்டாரத்தை மட்டும் தடித்த மார்க்கரால் எழுதினான்.
தெருவும் கதவு எண்ணும் போனில்.
போன் பாலத்துக்கு முன்பே செத்தது.
தெரு ஞாபகம் இருந்தது. பதினேழு ஞாபகம் இருந்தது.
ஆனால் அந்தப் பெயரில் ஆற்றின் இரு கரையிலும்
ஒவ்வொரு தெரு.
பையைத் திறந்தேன்.

XI

பதினொன்று! விரல் விடாமல், உதடு அசையாமல்,
பார்த்ததும் படித்துவிட்டேன்.
அந்தப் பெருமையிலேயே டான்யூபைத் தாண்டினேன்,
எதிர்க்காற்றில், எழுந்து நின்று மிதித்து.

பதினேழாம் எண்ணில் கதவைத் திறந்தவருக்கு
வாயில் பிரஷ், தாடியில் நுரை.
இங்கே யாருக்கும் பிறந்தநாள் இல்லை என்றார்,
அதாவது, அப்படித்தான் கேட்டது.
பெட்டியை வாங்கினார்.
ஜாடி மூடியைத் திருகுவதுபோல்
மெல்ல அரைச் சுற்றுச் சுற்றினார்.

IX

வட்டத்துக்கு ஏது தலை, ஏது கால்?
பத்து எப்படிப் புரண்டாலும் பத்து.
கழி மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து
இந்தப் பக்கம் வந்துவிட்டது.
நடுவில் ஓர் ஆறு இருப்பது அதற்குத் தெரியாது.

அவருடைய சுவரில் போனைப் பத்து நிமிடம் செருகினேன்.
அவர் வாய் கொப்பளித்துவிட்டு வந்து
சரியான கதவை வரைபடத்தில் காட்டினார்.
நன்றி என்ற சொல்லின் நடுவெழுத்து
இன்னமும் எனக்கு வழுக்கும்.

பாலத்தில் நாலாம் எண் டிராம் என்னைக் கடந்தது,
பின்னாலேயே ஆறாம் எண்.
இரண்டும் ஒரே தண்டவாளத்தில்.
அவற்றின் நெற்றியில் மட்டும்
எல்லோருக்கும் புரியும் எழுத்து.

ஒன்பதில் விருந்து முடிந்திருந்தது.
கிரீம் ஒரு பக்கம் சரிந்து, சுவரோடு ஒட்டி.
அந்த அம்மாள் எதுவும் சொல்லவில்லை, அதுதான் மோசம்.
சிறுமி கேக்கில் இரண்டு மெழுகுவத்தி நட்டாள்,
இரண்டு ஒன்றுகள், பக்கத்தில் பக்கம்.
இரண்டு வயதுக்கு நல்ல உயரம் என்று நினைத்தேன்.
பிறகுதான் உறைத்தது:
பதினொன்று.

ரோமானியர்களிடம் சுழி இல்லையாம்.
ஒன்றுமில்லாததை எப்படித்தான் எழுதினார்களோ.
அந்த டெலிவரிக்கு நேரே
என் போன் தெளிவாகக் காட்டியது,
கேக் பெட்டி மாதிரி உருண்டையாக.
திருப்பிப் பார்த்தேன்.
அதேதான்.

மறுநாள் பர்னபாஷின் மார்க்கரைப் பிடுங்கி
அடுக்கியிருந்த மூடிகளில் எல்லாம்
எண்ணுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தேன்.
இது என்ன, கழித்தல் குறியா என்றான்.
தரை, என்றேன்.